தலையணையின் இடது பக்கம்

காலையில் உறையைக் கழற்றும்போது தலையணையின் இடது ஓரம் ஈரமாக இருந்தது. தபீதாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதே இல்லை.

நாற்பத்தொன்பது வயது. சேலையூரில் கணக்கு டீச்சர். தனி வீடு, தனிக் கட்டில். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகிறது என்று டாக்டர் சொன்னதும், சிங்கப்பூரிலிருந்து தம்பி தேவானந்தம் ஒரு மெஷின் அனுப்பியிருந்தான். அது குழாய் வழியாகக் காற்றை ஊதும். அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் ஒருக்களித்தால் மாஸ்க் நகர்ந்து காற்றெல்லாம் கண்ணில் அடித்தது. அதனால்தான் கேம்ப் ரோடு மெத்தைக்கடைத் துளசிங்கத்திடம் சொல்லி, கழுத்தைத் தாங்கும்படி, மாஸ்க்குக்கு இடம்விட்டு ஓரத்தில் வெட்டிய ஃபோம் தலையணை செய்துவாங்கினாள். அவர் இரண்டு ஓரத்திலும் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

பள்ளி விட்டதும் தலையணையோடு கடைக்குப் போனாள்.

"ஃபோம்ல ஈரம் இருந்துச்சா, துளசிங்கம்?"

"இன்னா டீச்சர், புது சரக்கு. நல்லா காஞ்சுதான் கீது." அவர் முகர்ந்து பார்த்தார். "மூச்சுக் காத்து பட்ட ஈரம். இந்தாண்ட திரும்பிப் படுத்திருப்பீங்க."

"நான் வலது பக்கம்தான் படுப்பேன்."

"தூங்கினப்புறம் நமக்கு இன்னா தெரியும்? வூட்ல யாரையாவது பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

வீட்டில் யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "சரி, கேக்கறேன்" என்றாள்.

அன்றிரவு கட்டிலின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். மாஸ்க்கை மாட்டி, வலது பக்கம் ஒருக்களித்து விளக்கை அணைத்தாள். தாம்பரத்திலிருந்து கிளம்பும் கடைசி எலெக்ட்ரிக் ட்ரெயினின் சத்தம் தேய்ந்து, தெருநாய்களும் அடங்கி, மெஷினின் சீரான இரைச்சலும் மாஸ்க்கின் ரப்பர் வாடையும் மட்டும் அறையில் மிஞ்சியபோது, அந்த இரைச்சலுக்குள் இன்னொரு மூச்சு இழுத்து இழுத்து விடுவது கேட்டது. அவள் தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அந்த இன்னொரு மூச்சு நிற்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஃபோம் மெல்ல அமுங்கியது. ஒரு தலையின் கனத்துக்கு.

பயம் வருவதற்கு முன்னால், ஒரு கணம், தன்னை அறியாமல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். பக்கத்தில் ஒருவர் படுப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முதுகில் குளிர்ச்சி பட்டதும் உடம்பு விறைத்துப்போனது.

கரண்ட் போனது.

மின்விசிறி தளர்ந்து நின்றது. மெஷின் அடங்கியது. ஆனால் மாஸ்க்குக்குள் காற்று வந்துகொண்டே இருந்தது.

சூடான காற்று. பல் துலக்காத வாயின் நாற்றம்.

மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தாள். தலையைச் சுற்றிய அதன் வார் இறுகியது. கத்த முயன்றாள். அந்தக் காற்று தொண்டைக்குள் இறங்கிச் சத்தத்தை அடைத்தது.

குழாயைப் பற்றித் தடவினாள். ஸ்டூலில் இருக்கும் மெஷின் பக்கம் அது போகவில்லை. தலைக்கு மேலே வளைந்தது. இடது பக்கம். கீழே. தலையணையின் வெட்டுக்குள்.

குழாயின் முனையை இரண்டு உதடுகள் கவ்வியிருந்தன. ஈரமாக.

அவள் விரலடியில் அவை குவிந்தன. தபீதாளின் நெஞ்சு நிரம்பி மேலெழுந்தது.