மூன்றாவது தூண்காரர்

மண்டபம் காலியாக இருந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு. ஆனால் மடிக்கணினித் திரையில், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது தூணின் அடியில், ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பதிப்பகத்தார் கேட்டது ஆள் இல்லாத படம். ஐந்து வேளையும் ஜனம் வந்துபோகிற பள்ளிவாசலில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கேமராவை அசையாமல் நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரே காட்சியை இருபத்து நான்கு முறை எடுப்பாள். கணினி அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, பெரும்பாலான படங்களில் ஒரே இடத்தில் இருப்பதை வைத்துக்கொள்ளும். இடம் மாறுவதை எடுத்துவிடும். தூண் தங்கும், விளக்கு தங்கும், விரிப்பு தங்கும். நடமாடுகிற மனிதன் ஒருவன்கூடத் தங்கமாட்டான். இந்த வேலைக்கு அவர்கள் வீட்டில் பெயர் ‘காலி பண்றது’.

“இன்னிக்கு எத்தனை பேரைக் காலி பண்ணின, மேடம்?” விடுதி அறைக் கட்டிலில் மல்லாந்தபடி கணவன் கேட்டான். பத்து வருஷமாக அவள் கேமராவை நிறுத்தும் மூன்றுகால் ட்ரைபாடைச் சுமக்கிறவன் என்பதால் அவனுக்கு அவள் வைத்த பெயர் முக்காலி. வேலை என்று வந்துவிட்டால் அவள்தான் முதலாளி என்பதால் அவள் மேடம்.

“முப்பது பேர் இருக்கும். ஒருத்தர் மட்டும் போகமாட்டேங்கறார்.”

“தூங்கிட்டிருப்பாரு, பாவம். நான் பாக்காம விட்டிருப்பேன்.”

அவன் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. அவன் வேலையே அதுதான். படம் ஓடும்போது மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பான். ஒரே இடத்தில் ஆணியடித்தாற்போல் உட்கார்ந்திருப்பவர் யாராவது கண்ணில் பட்டால் பக்கத்தில் போய்க் குனிந்து, கொஞ்சம் தள்ளி உட்காரும்படி கேட்பான். அவன் சிரிக்கிற சிரிப்புக்கு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

அவள் தனித்தனிப் படங்களைத் திறந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. புத்தகம் படிக்கிற பெரியவர், குழந்தையைத் தூக்கிப்போகும் அப்பா, விரிப்பைச் சரிசெய்கிற யாரோ. மூன்றாவது தூணடியில் மட்டும் ஒருவரும் இல்லை. இருபத்து நான்கு வரை பார்த்தாள். திரும்பவும் ஒன்றிலிருந்து பார்த்தாள். எந்தப் படத்திலும் இல்லாத மனிதர், எல்லாவற்றையும் சேர்த்த படத்தில் மட்டும் இருந்தார்.

கணவன் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான், ஆனாலும் அதற்குப் பிறகு சற்று நேரம் அங்கேயே நின்றான். அவள் மறுபடி சேர்த்தாள். மனிதர் மறுபடி வந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது, கழுத்து விறைத்திருந்தது. யாரோ பின்னால் நிற்பது தெரிந்து, திரும்பிப் பார்க்காமல் இருப்பவரைப்போல் அவளுக்குப் பட்டது.

தயாராகிக்கொண்டிருந்த புத்தகம் பழங்காலத்து வானியல் அறிஞர் ஒருவரைப் பற்றியது. நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்டவர். உலகமே அறிந்த பெயர். அவர் பிறந்த வீடு, படித்த பள்ளி, வானம் பார்த்த மாடம் என்று மூன்று வாரமாக அலைந்து, இந்தப் பள்ளிவாசலோடு வேலை முடிகிறது. நண்பகல் தொழுகை முடிந்து அடுத்த தொழுகை வரைக்கும் அவர் இந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாராம். ஒரு விரல்கூட அசையாதாம். அந்தப் பொறுமைக்குத்தான் வானம் வசப்பட்டது என்று புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு உருகியிருந்தார்கள். அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் கிடையாது.

மறுநாள்தான் அனுமதியின் கடைசி நாள். பிற்பகல் தொழுகை முடிந்ததும் போனார்கள். சாவிக்கொத்தோடு வந்த பொறுப்பாளர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“நேத்து எடுத்தது போதலையாம்மா?”

“படத்துல ஒரு ஆள் விழுந்துட்டாருங்க. காலி மண்டபமா வேணும்.”

“வர்றவங்க எல்லாரும் இதையே கேக்கறீங்க. ஆள் இல்லாத பள்ளிவாசல வெச்சு என்னம்மா பண்றது? இதுக்கு அழகே ஜனந்தானே.”

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். மண்டபம் நேற்றைப் போலவே இதமாக இருந்தது. வெளியே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம், கல்லின் ஈர வாசனை, உயரத்துச் சாளரங்களிலிருந்து சரிந்து விரிப்பின்மேல் கட்டம் கட்டமாகக் கிடந்த வெயில், எங்கோ ஒருவர் வாய்க்குள் ஓதுகிற முணுமுணுப்பு. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. மூன்றாவது தூணடிக்குப் போய்ப் பார்த்தாள். வெறும் விரிப்பு. சோதித்துப் பார்ப்பதற்காக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அது நிம்மதி இல்லை. கண்ணாமூச்சி ஆட்டத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது, தேடுகிறவன் அறைக்குள் வந்துவிட்டால் உடம்பு தானாக உறைந்துபோகுமே, அந்த மாதிரி இருந்தது. உதறிக்கொண்டு எழுந்து கேமராவிடம் வந்தாள்.

படம் ஓட ஆரம்பித்தது. சடக். அரை நிமிடம். சடக். கணவன் தூண்களுக்கு இடையே உலாத்திக்கொண்டிருந்தான். ஒன்பதாவது படத்தின்போது அவன் மூன்றாவது தூணிடம் நின்றான். குனிந்தான். சிரித்தான். ஏதோ சொன்னான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டான். தூணடியில் வெயில்கூட இல்லை. அவள் கூப்பிட வாயெடுத்தாள். கல்லுக்குள் இருந்து வருவதுபோல் அடுத்த சடக் கேட்டது, வாய் அப்படியே நின்றுவிட்டது.

வெளியே செருப்பு மாட்டும்போதுதான் கேட்டாள். “அங்க யார்கிட்ட பேசின?”

“உன் மூணாவது தூண்காரர்கிட்டதான். பிடிவாதக்காரர். நகரவே மாட்டேன்னுட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“‘அசைஞ்சா எடுத்துருவாங்க’ன்னாரு. திரும்பிக்கூடப் பாக்கல. ‘ஐயா, நீங்க சொல்றது தலைகீழ். அசைஞ்சாதான் நாங்க எடுக்கமாட்டோம், சும்மா இருந்தாதான் படத்துல விழுவீங்க’ன்னு விளக்கினேன். அப்பவும் அதையேதான் சொன்னாரு.”

“முக்காலி, அங்க யாருமே இல்ல.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டான். விடுதிக்குத் திரும்பி நடந்தார்கள். தெருவில் சாயங்காலக் கூட்டம். பேருந்துக்கு ஓடுகிறவர்கள், பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகள், ஹாரன் சத்தம். வழக்கமாக அவளுக்குக் கூட்டம் ஆகாது. அன்றைக்கு அந்த நெரிசல் வேண்டியிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அறைக்கு வந்ததும் அவன் குளிக்கப் போனான். “சீக்கிரம் வா” என்றாள் அவள்.

“ரெண்டே சொம்பு” என்றான். கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழ ஆரம்பித்தது.

அவள் மேசையில் உட்கார்ந்து இருபத்து நான்கையும் சேர்த்தாள். மண்டபம் வந்தது. மூன்றாவது தூணடியில் அதே முதுகு.

சடக்.

கேமரா பைக்குள் இருந்தது. பேட்டரியைக் கழற்றி மேசைமேல்தான் வைத்திருந்தாள். அதைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. கடிகாரத்தின் விநாடி முள் அரை வட்டம் போனது.

சடக்.

தலைக்கு மேலேயா, சுவருக்குள்ளேயா, தெரியவில்லை. அறைக்குள்தான். “கேக்குதா?” என்று குளியலறைப் பக்கம் கத்தினாள். “என்னது?” என்றான் அவன் தண்ணீருக்குள்ளிருந்து. மூன்று. எண்ணுவது அவளுக்குப் பழக்கதோஷம், மனம் தானாக எண்ணியது. தனிப்படங்களைத் திறந்தாள். ஒன்பதாவது படம். அவன் தூணிடம் குனிந்திருக்க வேண்டும். தூண் இருந்தது. அவன் இல்லை. பத்தாவதில் இல்லை. முதலாவதில் இல்லை. வாசலோரம் அவன் கழற்றி வைத்த தோள்பை மட்டும் இருபத்து நான்கிலும் இருந்தது, நகராமல், தெளிவாக.

“முக்காலி!”

“வரேன், வரேன்.”

ஆறு. ஏழு. அந்தச் சடக்கோடு மின்விசிறிக் காற்று நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். கூரையிலிருந்து மின்விசிறியின் தண்டு தொங்கியது, அதன் நுனியில் உருண்டை இருந்தது. இறக்கைகள் இல்லை. கழன்று விழவில்லை, உடையவில்லை. சுழன்றுகொண்டிருந்தவை, அதனால் இல்லை. இந்த மாதிரி எத்தனை மின்விசிறிகளை அவளே படத்தில் பார்த்திருக்கிறாள், பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

எட்டு.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். ஈரத் தரை. கொடியில் துண்டு. வாளி நிறையத் தண்ணீர், அலையில்லாமல். சோப்பின்மேல் நுரை இன்னும் இருந்தது. அவன் மூக்குக்கண்ணாடி அலமாரியில் மடித்து வைத்தபடி இருந்தது. வேறு வாசல் இல்லை, ஜன்னல் இல்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பத்து வருஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மறந்தே போயிருந்தது. பதில் வரவில்லை.

பத்து. பதினொன்று.

தெருப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடித் திரையை விலக்கினாள். யாரையாவது கூப்பிட வேண்டும். யாராவது ஒருத்தர் போதும். மணி ஆறே கால், கூட்டம் நெரிகிற நேரம். தெரு இருந்தது. நிறுத்தி வைத்த வண்டிகள் இருந்தன. கடைப்பலகைகள், விளக்குக் கம்பங்கள், நடைபாதையில் யாரோ இறக்கிவைத்த காய்கறிக் கூடை. ஆள் இல்லை. ஒரு நாய் இல்லை. மரங்களின் அடிமரமும் பெருங்கிளைகளும் நின்றன, இலை ஒன்றுகூட இல்லை. சுத்தமாக, அழகாக, பதிப்பகத்தார் கேட்ட மாதிரி.

திரையைப் பிடித்திருந்த கை கண்ணில் பட்டது. மணிக்கட்டுக்குக் கீழே விரல்களின் வழியாக ஜன்னல் சட்டம் தெரிந்தது. சில படங்களில் மட்டும் நின்றுவிட்டு நகர்ந்துபோகிறவர்கள் அப்படித்தான் விழுவார்கள். புகைபோல.

பதினான்கு.

கதவைத் திறந்து, படியிறங்கி, தெருத் தெருவாக ஓடி அவனைத் தேட வேண்டும். அதைத்தான் செய்ய வேண்டும். அதைத்தான் அவனும் செய்திருப்பான். கால் எழுந்தது. பாதத்தின் வழியாகத் தரையின் ஓடு தெரிந்தது.

அசைஞ்சா எடுத்துருவாங்க.

படம் எடுப்பதைச் சொல்கிறார் என்றல்லவா அவன் நினைத்தான். நின்று, சிரித்து, அவருக்கே விளக்கம் வேறு சொன்னானே. அப்போதுதான் அவளுக்கு அந்த விறைத்த கழுத்து புரிந்தது. அது பொறுமை இல்லை. தியானம் இல்லை. எத்தனையோ காலமாக ஒரு மனிதர் அங்கே அசையப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

உட்கார்ந்தாள். அப்படியே, தரையில், சுவரைப் பார்த்து. கைகளை முழங்கால்மேல் வைத்தாள்.

பதினேழு. விரல்கள் திரும்பி வருகின்றனவா என்று குனிந்து பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

பத்தொன்பது. மன்னிச்சுக்கோ. வாயால் சொல்லவில்லை. உதடு அசையும்.

இருபத்து ஒன்று. அவன் சிரிப்பு ஞாபகம் வந்தது. கண் நிறைந்தது. ஒரு சொட்டு இமையைத் தாண்டி, கன்னத்தில் மெதுவாக இறங்கியது. சூடாக. நகர்ந்துகொண்டே.

இருபத்து இரண்டு. தாடை வரை வந்துவிட்டது.

இருபத்து மூன்று.

கன்னம் காய்ந்திருந்தது. ஈரத்தின் தடம்கூட இல்லை.

இன்னும் அரை நிமிடம். விரல் அசையவில்லை. இமை அசையவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் அது ஒன்று மட்டும், எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல், அடித்துக்கொண்டே இருந்தது.