தொப்பிக்குத் தெரியாதது

அம்மாவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கறுப்புத் தொப்பி இருந்தது. அதன் உள்ளே பொட்டுப் பொட்டாகச் சின்ன விளக்குகள். அவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தலைக்குள் அனுப்பும். மூளையில் எந்த இடம் மும்முரமாக வேலை செய்கிறதோ, அங்கே ரத்தம் கூடுதல் ஆக்சிஜனோடு ஓடும். திரும்பி வரும் ஒளி அதைக் காட்டிவிடும். திரையில் கோடு ஏறும்.

“வலிக்காதுடி, ஒரு தடவை போட்டுப் பாரு” என்று அம்மா கூப்பிடும்போதெல்லாம் அவருடைய பத்து வயது மகள் வாலு நழுவிவிடுவாள். பள்ளியில் புலி, தொப்பியைக் கண்டால் பூனை!

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். புது வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியும் அவள் மனம் பழைய வீட்டிலேயே கிடந்தது. அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிரே தோழியின் ஜன்னல். கயிற்றில் கட்டிய டப்பாவில் கடிதம் போகும், வரும். அம்மாவின் இந்த வேலைக்காகத்தான் அதையெல்லாம் விட்டு வந்தார்கள். தொப்பி காட்டிக்கொடுத்தால் அம்மா வருந்துவாரே!

அன்று சோதனைக்கு வந்த ஆறு வயதுப் பொடியன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான்.

“மாட்டேன்! அது எல்லாத்தையும் சொல்லிடும்!”

வாலு குனிந்தாள். “எதைச் சொல்லிடும்?”

“அண்ணன் பேனாவை உடைச்சது நான்தான்” என்று கிசுகிசுத்தான்.

அந்தப் பயம் வாலுவுக்கு அத்துப்படி ஆயிற்றே! அவளுக்குப் பாவமாக இருந்தது.

“அம்மா, எனக்கு மாட்டி விடு. நான் ஒண்ணு நினைக்கிறேன். என்னன்னு கண்டுபிடி, பார்ப்போம்.”

அம்மா அவள் முடியை ஒதுக்கித் தொப்பியைப் பொருத்தினார். வாலு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கோடு விறுவிறுவென ஏறியது.

“மூளை சுறுசுறுப்பா இருக்கு, அவ்வளவுதான் தெரியுது. என்ன நினைக்கிறேன்னு நீ வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு” என்றார் அம்மா.

பொடியன் தலையை நீட்டினான். “சத்தியமா?”

“சத்தியமா!” என்றாள் வாலு.

தொப்பி கைமாறியது. அம்மா ஒரு கணக்குக் கேட்டார். “ஏழும் நாலும் பன்னெண்டு!” என்று முழங்கினான் பொடியன். விடைதான் தப்பு, கோடு என்னவோ ஜோராக ஏறியது.

அவன் போனதும் அம்மா கேட்டார். “சரி, நீ என்னடி நினைச்சே?”

ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாலுவுக்கு மனம் வரவில்லை.

“நம்ம பழைய வீட்டை. தினமும் நினைக்கிறேம்மா.”

அம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“பின்வாசல் படியில காலை வெயில் விழுமே, ஞாபகம் இருக்கா? அங்கதானே டீயோட உட்காருவேன். நானும் நினைக்காத நாளே இல்லடி. சொன்னா நீ அழுவேன்னு பேசாம இருந்தேன்.”

அடுத்த குழந்தை வந்து கதவைத் தட்டும்வரை இருவரும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.