மழைக்கு அப்புறம் வரேன்

மதியம் இரண்டரைக்கெல்லாம் வானம் கறுத்துவிட்டது. பெலெமில் இது தினப்படி நடக்கிற சங்கதி. அதனால்தான் அந்த ஊரில் "மூணு மணிக்கு வா" என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மழைக்கு முன்னாடி வா, இல்லாவிட்டால் மழைக்கு அப்புறம் வா. அவ்வளவுதான் கணக்கு!

ஜசியாரா சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள். வாசல் தகரத்துக்குக் கீழே யாரோ ஒருவன். உடம்பில் சட்டை இல்லை. கழற்றிய சட்டையில் எதையோ சுற்றி, பச்சைக் குழந்தையை அணைக்கிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றிருந்தான்.

பதறிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"என்னங்க இது, குழந்தையைப் போயி மழையில..."

சட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு ஒயர் தொங்கியது. ஜசியாரா அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"குழந்தை இல்லீங்க... வீடியோ கேம் பெட்டி" என்றான். "ரெண்டு செவப்பு லைட்டு எரியுது, வேற ஒண்ணும் ஓட மாட்டேங்குது. மார்க்கெட்டுல ஒருத்தர் சரி பண்ணுவாராம். பாதி வழியில மழை புடிச்சுக்கிச்சு."

நனைந்த இமைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் இரண்டு கண்கள்... சிரித்தன. அவ்வளவு நனைந்தும் ஒரு மனுஷனுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். அந்தக் கண்கள் கதவோரத்துச் சின்னப் பலகையில் போய் நின்றன. 'கேம் பெட்டி ரிப்பேர் செய்யப்படும்.'

"அட, இங்கயே இருக்கே! உங்க அண்ணன் வீட்டுல இருக்காருங்களா?"

"எந்த அண்ணன்?"

"அதாங்க... ரிப்பேர் பண்றவரு."

கோபம் அவள் மூக்குக்கு மேல் ஏறியது.

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. ரிப்பேர் பண்றது நான்தான். குடுக்குறதுன்னா குடுங்க. இல்லையா, நனைஞ்சுக்கிட்டே மார்க்கெட்டுக்குப் போங்க!"

அவன் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினான்.

"முதல்ல சட்டையை மாட்டுங்க" என்றாள் எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவன் சட்டையைத் திரும்ப வாங்கிப் பிழிந்தபோது தெரிந்தது, விரல்கள் பத்தும் ஊதா நிறம். அசாயிப் பழம் அரைக்கிற கை. வாசலில் சிவப்புக் கொடி கட்டியிருக்கிற அசாயிக் கடைகளில் ஒன்று இவனுடையதாக இருக்க வேண்டும்.

பெயர் நிவால்டோ. இரண்டு தெரு தள்ளிக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. பெட்டி அவனுடையது அல்ல, அவன் அம்மா டோனா ஈராசியுடையது. மூத்த பெண்களை அந்த ஊரில் மரியாதையாக 'டோனா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"அம்மாவா விளையாடுவாங்க?"

"மீன் புடிக்கிற விளையாட்டு. எங்க வீட்டுலேர்ந்து கல்லெறிஞ்சா ஆத்துல விழும். இவங்க டிவியில மீன் புடிக்கிறாங்க. அப்பா போனதுலேர்ந்து வீட்டுல சிரிப்புச் சத்தமே இல்லாம இருந்துச்சு. இந்தப் பெட்டி வந்தப்புறம்தான்..." அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க."

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

இரண்டே நாளில் சரி செய்தாள். சூட்டில் பெரிய சிப்புக்கு அடியில் ஈயம் விட்டுப்போயிருந்தது. சூடு காட்டி, மறுபடி பிடிக்கவைத்து, காற்றாடியைத் துடைத்து மூடினாள். ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைத்தாள். வேறு யாராவது திறந்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மழை விட்டதும் வந்தவன் ஒரு லிட்டர் அசாயியும் ஒரு பொட்டலம் வறுத்த மீனும் கொண்டுவந்தான்.

"கூலி குடுத்தாச்சே, இது எதுக்கு?"

"அண்ணனைக் கேட்டேன்ல... அதுக்கு அபராதம்."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

பதினோராவது நாள். மழை விட்ட தெருவில் அதே ஆள், அதே சட்டைச் சுருட்டல், அதே இரண்டு சிவப்பு விளக்கு! அதே சிப், அதே ஈயம். ஜசியாராவுக்கு அவமானமாக இருந்தது. திரும்பச் செய்தாள், கூலி வாங்கவில்லை. இந்த முறை அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் வேலை செய்வதைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். அவளுக்குத் தெரியாதா என்ன? நிமிராமல் ஈயம் வைத்தாள்.

"டிவி அலமாரி மூடினதா, திறந்ததா?"

"திறந்ததுதான். நல்லா காத்து வரும்."

"பெட்டிக்கு மேல ஏதாச்சும் வைப்பீங்களா?"

"ஒண்ணுமே வைக்க மாட்டோம்."

ஒன்பதே நாள். மூன்றாவது முறை!

இதற்குள் ஜுருனாஸ் பேட்டை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அசாயிக் கடை வரிசையில் நின்று "அம்மா பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்காதவர்கள் இல்லை. நிவால்டோவுக்குப் பொய் சொல்ல வராது, "மறுபடி படுத்துருச்சு" என்பான். அந்த வரிசையில் ஜெர்சனும் நின்றார். சீரியோ திருவிழாவுக்குள் புது விளையாட்டுக் கூடம் திறக்கப்போகிறவர். அங்கே வரப்போகிற எட்டுப் பெட்டிகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர் ஜசியாராவிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"அந்த அசாயிக்காரன் பெட்டி கெடாம நிக்கட்டும்மா. அப்புறம் பேசலாம். ஒரு பெட்டியே நிக்கலைன்னா எட்டை எப்படி உங்கிட்ட விடுறது?"

மூன்று வருடமாகச் சமையல் மேசையில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர், ஒற்றைப் பெட்டியில் போகிறது. இதில் பக்கத்து வீட்டு டோனா நெலி வேறு வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"உனக்குப் புரியலையா பொண்ணே? அந்தப் பையன் தானே கெடுத்துட்டு வர்றான். உன் மூஞ்சியைப் பாக்க!"

ஜசியாராவின் கன்னம் சூடாகிவிட்டது. ஐயோ, அப்படியும் இருக்குமோ? இருக்கக்கூடாதே... கொஞ்சம் இருந்தால்தான் என்ன? சீச்சீ, என் பிழைப்பு போகிறதே!

அந்த மூன்றாவது முறை அவன் பெட்டியோடு உள்ளே வந்ததும் படபடவென்று கேட்டேவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்களே இதைக் கெடுத்துட்டு வர்றீங்களா?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துபோனது.

"நானா? எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஊரே பேசுது."

"எங்கம்மா சிரிக்கிறதுக்கு வீட்டுல இருக்குறது இந்த ஒரு பெட்டிதான். அதைக் கெடுத்துட்டா நான் ஒரு பொண்ணைப் பாக்க வருவேன்?" பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பாக்கணும்னா நேரா வந்து பாத்திருப்பேன். உங்க வேலை நிக்கலைன்னா என் தலையில கட்டாதீங்க."

சுருக்கென்று தைத்தது. அவளும் விடவில்லை.

"என் வேலை நிக்கும்! நிக்காத வேலையை நான் செஞ்சதே இல்ல!"

அவன் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையிலேயே இறங்கிப் போனான்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாத் திருகாணியிலும் நகப்பூச்சு அப்படியே இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. யாரும் தொடவில்லை! அபாண்டமாகச் சொல்லிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே காற்றாடியில் என்னவோ சிக்கியிருந்தது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெண்மஞ்சள் நிறத்தில் பஞ்சு இழை. போன தடவையும் இப்படி ஏதோ இருந்தது, தூசி என்று ஊதிவிட்டாள். அசாயிக் கடையில் ஏது நூல்?

பெட்டி தயாராகி நான்கு நாள் ஆயிற்று. தினமும் மழை வந்தது, விட்டது. அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் அவளே கிளம்பினாள், மழைக்கு முன்னாடி. பெட்டியைக் கொடுக்கத்தான் போகிறேன், வேறெதற்கும் இல்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் ஆளில்லை.

சிவப்புக் கொடிக்குக் கீழே நீள வரிசை. உள்ளே இயந்திரம் உறுமியது. அவளைக் கண்டதும் நிவால்டோவின் கை ஒரு கணம் நின்றது, பிறகு வேண்டுமென்றே தலையைக் குனிந்துகொண்டு அரைத்தான். டோனா ஈராசிதான் ஓடிவந்தாள். குள்ளமான, துறுதுறுவென்ற அம்மா.

"வாம்மா, வா! என் மீனெல்லாம் வந்துருச்சா?"

கூடத்துக்குள் நுழைந்ததும் ஜசியாரா சுற்றிலும் பார்த்தாள். கேஸ் சிலிண்டருக்குப் பின்னல் பாவாடை. மிக்ஸிக்குப் பின்னல் சட்டை. தண்ணீர் வடிகட்டிக்குத் தொப்பி. ரிமோட்டுக்குக்கூட உறை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, அந்த ஊரில் பாதி வீடு இப்படித்தான். அதனால் அவளுக்கும் சட்டென்று பொறி தட்டவில்லை. பெட்டியை மாட்டினாள். டோனா ஈராசி பத்தே நிமிஷத்தில் இரண்டு பெரிய மீன் பிடித்து, சின்னப் பெண் மாதிரிக் கை தட்டினாள். பிறகு மணியைப் பார்த்தாள்.

"ஐயோ, கோயில்ல பெண்கள் கூட்டம்! போயிட்டு வந்து புடிக்கிறேன்."

ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்தாள். டிவியை மட்டும் அணைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து கனத்த பருத்தி நூலில் பின்னிய, வெண்மஞ்சள் நிற உறை ஒன்றை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிக்குத் தலையோடு கால் இழுத்து மாட்டி, செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"டோனா ஈராசி!!"

"என்னம்மா? ஏன் கத்துற?"

"பெட்டியை... அணைக்கலையா?"

"அணைச்சா போட்டி முதல்லேர்ந்து வரும்மா. மூணு நாள் போட்டி இது! நிறுத்தி வெச்சுட்டு, தூசி படக்கூடாதுன்னு போத்தி விடுவேன். சில நாள் காலையில வரைக்கும் இருக்கும். பாவம், அதுக்கும் ஓய்வு வேணாமா?"

ஜசியாரா உறையை உருவி, பெட்டியின் மேல் அவள் கையை எடுத்து வைத்தாள். இரண்டே நிமிஷத்தில் கொதித்தது. டோனா ஈராசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ கடவுளே... நான்தானா கொன்னேன்? மூணு தடவையும் நானா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் ஜசியாராவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. சத்தம் கேட்டு நிவால்டோ ஊதாக் கையோடு ஓடிவந்தான். ஜசியாரா உறையைத் தூக்கிக் காட்டினாள்.

"மேல ஒண்ணுமே வைக்க மாட்டோம்னு சொன்னீங்க!"

"இது... இது சும்மா உறைதானே? எல்லாத்துக்கும் போட்டிருக்கே..." சொல்லிக்கொண்டே வந்தவன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்ததை முதல் தடவையாகப் பார்க்கிறவன் போல விழித்தான். "அடச்சே! நான் என்ன மனுஷன்!"

"நீங்க கெடுக்கல" என்றாள் அவள். சிரிப்பு நின்றுவிட்டது. "கெடுத்தீங்கன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

அவன் விறுவிறுவென்று கடைக்குள் போனான். கோபமோ என்று அவளும் பின்னாலேயே போனாள். இயந்திரத்தை நிறுத்தினான். வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ஜசியாரா வேலை மூணு தடவையும் நின்னுச்சு. குத்தம் எங்க வீட்டுல! ஜெர்சன் அண்ணே, உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன்!"

ஜெர்சன் கையிலிருந்த பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தார். "ஒரு மாசம் ஓடட்டும், பாக்கலாம்" என்றார்.

ஓடியது. உறை இல்லாமல், ஆட்டம் முடிந்ததும் அணைக்க மறக்காமல், முப்பது நாள் ஓடியது. சோதித்துப் பார்க்க எட்டுப் பெட்டிகளும் ஜசியாராவின் சமையல் மேசைக்கு வந்து சேர்ந்தன. பெயர் மீண்டது. ஆனால் ஒன்று... பெட்டி கெடவில்லை என்றால் அவன் எதற்கு வருவான்? ஒருநாள்கூட வரவில்லை. மழை விட்டதும் தெருவைப் பார்ப்பது மட்டும் அவளுக்கு நிற்கவில்லை. வேலை நன்றாக நின்றதற்காக வருத்தப்பட்ட ஒரே ரிப்பேர்க்காரி உலகத்திலேயே இவளாகத்தான் இருக்கும்!

முப்பத்தோராம் நாள் காலையில் டோனா நெலி வேலிக்கு மேல் செய்தி கொண்டுவந்தாள்.

"அசாயிக் கடைப் பையன் சொல்லச் சொன்னான். இன்னிக்கு மழைக்கு அப்புறம் வர்றானாம்."

ஜசியாரா நீலச் சட்டையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். இரண்டரை ஆனது. வானம் பளிச்சென்று இருந்தது. மூன்றானது. ஒரு மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான்கு ஆனது... ஒரு சொட்டு இல்லை! வருடத்தில் என்றைக்கோ ஒருநாள் பெய்யாத மழை, இன்றைக்குத்தானா பெய்யாமல் போக வேண்டும்? மழை வராவிட்டால் மழைக்கு அப்புறம் என்பதும் வராதே! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டுப் பெட்டியில் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான்கரைக்குக் கதவு தட்டப்பட்டது.

நிவால்டோ. சட்டை போட்டிருந்தான், அதுவும் தேய்த்த சட்டை. ஒரு துளி ஈரம் இல்லை. கண்கள் மட்டும் அதே தேன் நிறத்தில், இந்த முறை சிரிக்கப் பயந்துகொண்டு.

"மழை வரட்டும்னு கடை வாசல்லயே நின்னேன். வரல. அதுக்கு மேல நிக்க முடியல... நான் வந்துட்டேன்."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். ஊதா விரல்கள். வேறொன்றும் இல்லை.

"என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடல. பெட்டி நல்லா ஓடுது. உங்க மேசைக்குப் போடச் சொல்லி அம்மா ஒரு உறை பின்னிக் குடுத்தாங்க. அதையும் வேணும்னே வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"கையில ஏதாச்சும் இருந்தா அதுக்காக வந்தேன்னு நினைப்பீங்க. அன்னிக்கு நீங்க சந்தேகப்பட்டீங்கல்ல, உங்களைப் பாக்க வர்றேனோன்னு... இன்னிக்கு அதுக்குத்தான் வந்திருக்கேன். அதுக்கு மட்டும்தான். எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு ஜசியாரா. முதல் நாள் திட்டினீங்களே, அப்பவே புடிச்சுப்போச்சு."

அவள் கதவை அகலமாகத் திறந்தாள்.

"முப்பது நாள்..." என்றாள். "ஒருநாள் வரத் தோணலையா?"

"தினமும் தோணுச்சு. உங்க வேலை நிக்குதுன்னு ஊருக்குத் தெரியட்டும்னு இருந்தேன். நடுவுல வந்தா, மறுபடி கெட்டுப்போச்சுன்னு பேசுவாங்கல்ல?"

இவ்வளவு நாள் இவன் வராமல் இருந்தது தனக்காகவா! அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அன்றைக்கு அவன் உட்கார்ந்த அதே நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரு. எனக்கும்தான் உன்னைப் புடிச்சிருக்கு... பெட்டி கெடாதான்னு வேண்டிக்கிட்டேன் தெரியுமா? ரிப்பேர்க்காரி செய்யுற காரியமா இது?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முழுதாகத் திரும்பி வந்திருந்தது.

"எப்ப போகணும் நான்?"

ஜசியாரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மாமரத்துக்கு மேலே நீல வானம்.

"மழைக்கு அப்புறம்" என்றாள்.

அன்று பெலெமில் மழை பெய்யவேயில்லை.