பிரிக்காத உறை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் செவ்வாய்க் குடியிருப்பில் பாதிப் பேர் பூமியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, நாம் பீச்சுக்குப் போகிற மாதிரிதான். டப்பாவில் கொஞ்சம் முறுக்கைப் போட்டுக்கொண்டு, ஊர்திகளை வடக்கு மேட்டில் வரிசையாக நிறுத்திவிட்டு, வானத்து ஓரத்தில் அந்த நீலப் புள்ளி தெரிகிறதா என்று கண்ணாடி வழியே பார்ப்பார்கள். தெரிந்தால் குழந்தைகள் கை தட்டும். பெரியவர்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். இறங்கும்போது யார் முந்துவது என்று சண்டை நடக்கும். கிரகம் மாறினால் புத்தி மாறிவிடுமா என்ன!

சுகந்திக்கு வாரம் முழுக்க அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் ஓடும். குடியிருப்பு மருத்துவமனையில் பல் பிடுங்க வருகிறவர்களின் வாயைத் திறந்து பிடிப்பது அவள் வேலை. பிறந்தது வால்பாறையில். வருடத்தில் பாதி நாள் துணி காயாத ஊரில் வளர்ந்தவள், மழை என்ற வார்த்தையே வேண்டாத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். புருஷன் நாச்சிமுத்துவுக்கு இங்கே மூச்சுக்காற்று தயாரிக்கிற காற்றுக்கூடத்தில் உத்தியோகம். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் மூடிய கொட்டகைக்குள் நின்ற ஊர்தியில் ஏறி உட்கார்ந்தவள், சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டாள். கால்மாட்டில் சளசளவென்று தண்ணீர்.

"ஏனுங்க, ஏசி மறுக்காவும் ஒழுகுது!"

ஐஸ் மாதிரிக் குளிர்கிற ஊரில் ஏசி எதற்கு என்று கேட்பீர்கள். மூடிய அறைக்குள் இரண்டு பேர் மூச்சு விட்டால் கண்ணாடியெல்லாம் பனி படர்ந்துவிடும். அந்த ஈரத்தை ஒரு குளிர்ச்சுருள் பிடித்துத் தண்ணீராக்கும். தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, தரையில் உள்ள துளை வழியே அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து குடியிருப்புக்கே குடிநீர். அதற்கு ஈரவாங்கி என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். சனங்கள் ஏசி என்றுதான் சொன்னார்கள். ஆக, சுகந்தியின் காலை நனைத்தது அவர்கள் இரண்டு பேரும் விட்ட மூச்சுதான். ஆனால் செவ்வாயில் மூச்சும் பொதுச்சொத்து. ஏற்கெனவே இரண்டு முறை நீர்க்காப்பகம் எச்சரித்திருந்தது. மூன்றாவது முறை கசிந்து அன்றைக்கே நிற்காவிட்டால் ஊர்தியை அள்ளிக்கொண்டு போய்ப் பிரித்துப்போடுவார்கள். இன்னொன்று கிடைக்காது. ஊர்தி போனால் வடக்கு மேடு போச்சு, நீலப் புள்ளியும் போச்சு.

ஒழுகிய மறுநிமிடம் காப்பகத்தின் பழுதுநோக்கி எந்திரம் உருண்டு வந்துவிட்டது. சந்து பொந்தெல்லாம் மெல்லிய கையை விட்டுத் துழாவியது.

"ஈரவாங்கி நலம். குழாய் நலம். தொட்டி நலம். கசிவு மட்டும் உள்ளது."

"எல்லாம் நலம்னா எங்காலு ஏன் ஊறிக் கெடக்குது?" என்றாள் சுகந்தி.

"காரணம் ஊர்தியின் வரைபடத்தில் இல்லை. இன்றைக்குள் நிற்காவிட்டால் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். வருந்துகிறேன்."

வருத்தப்படுகிற முகமா அது! நாச்சிமுத்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். நூற்றாண்டு கடந்தாலும் நம் ஆட்களின் முதல் வைத்தியம் ஊதுவதுதானே. காற்று தாராளமாகப் போனது. திரும்ப மாட்டினார். திரும்ப ஒழுகியது.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று சுகந்தி விளக்கை வாங்கிக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். குழாய் முடிகிற இடத்தில் தரையைத் தடவினாள். விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது.

"இதென்னுங்க, பசை?"

"அதா? கவரு ஓரத்துல தூக்கிட்டு நின்னுச்சு. போன மாசம் நாந்தான் ஒட்டிப்போட்டேன்."

சுகந்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊர்தி வந்த அன்று இருக்கை, கதவு, தரை எல்லாவற்றையும் நெகிழி உறையால் போர்த்தி அனுப்பியிருந்தார்கள். அதை நாச்சிமுத்து இன்றுவரை பிரிக்கவில்லை. தரையில் இருந்த பால்நிற உறை தொட்டித் துளையையும் சேர்த்தே மூடியிருந்தது. தூக்கி நின்ற ஓரம் வழியாக இத்தனை வருடம் தண்ணீர் எப்படியோ புகுந்து போய்க்கொண்டிருந்தது. மனுஷன் அதையும் பத்திரமாக ஒட்டிவிட்டார்.

"ஏப்பா, இந்தக் கவரு உங்கண்ணுக்குத் தெரியலியா?" என்று எந்திரத்தைக் கேட்டாள்.

"உறை ஊர்தியின் பாகம் அல்ல. வாங்கிய அன்றே அகற்றப்பட்டிருக்கும்."

"கேட்டுக்கங்க! மொத நாள்ல இருந்து நானும் அதத்தான சொல்றேன். கிழிச்சுப் போடுங்க."

"அவசரப்படாத புள்ள. ஊருக்குப் போறப்ப புதுசாட்டம் ஒப்படைச்சுட்டுப் போகோணும்ல?"

"எந்த ஊருக்குங்க?"

கோபத்தில்தான் கேட்டாள். கேட்டு முடித்ததும்தான் அவளுக்கே உறைத்தது. பெருந்துறையில் அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். வால்பாறையில் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம், இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.  நாச்சிமுத்து கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இருக்கை உறையைத்தான் முதலில் கிழித்தார். உறை இன்னும் பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த இருக்கைதான் பழுப்பேறி வெடித்திருந்தது. இத்தனை நாள் எதை எதனிடமிருந்து காப்பாற்றினோம் என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்துத் தரை உறையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று தொட்டிக்குள் இறங்கியது.

"கசிவு நின்றது" என்றது எந்திரம். கிளம்பியும் போய்விட்டது.

அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. உறைக்கு அடியில், சுகந்தி கால் வைக்கிற இடத்தில், உள்ளங்கை இரண்டு சேர்த்தாற்போல் பச்சைப் பாசி. எந்தத் துணுக்கு, எப்போது ஒட்டிக்கொண்டு வந்ததோ, கசிந்த மூச்சைக் குடித்துக் குடித்து வளர்ந்திருந்தது.

சுகந்தி குனிந்து முகர்ந்தாள். அவ்வளவுதான். வால்பாறை வீட்டுக் குளியலறைப் பின்சுவர், மழை விட்ட காலை, வழுக்கி விழுந்து பள்ளிக்கூடப் பாவாடையெல்லாம் பச்சையாகி அம்மாவிடம் வாங்கிய திட்டு, எல்லாம் மூக்கு வழியாக வந்து நின்றன. அவள் அழுதாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"வை புள்ள, கால வை. உனக்குன்னே மொளச்சிருக்குது" என்றார் நாச்சிமுத்து.

பாதம் பாசிக்கு மேலே வந்தது. அப்படியே நின்றது. சுகந்தி காலை இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்தக் கவரத் தூக்கிப் போட்டுறாதீங்க."

"எதுக்கு?"

"மிதிச்சா வீணாப் போயிரும். துளைய மட்டும் விட்டுட்டு மேல மூடி வெச்சரலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடக்கு மேட்டில் அவர்கள் ஊர்தியும் வரிசையில் நின்றது. சுகந்தி வழி நெடுக இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கிக்கொண்டு, முட்டி வலியோடு உட்கார்ந்திருந்தாள். கீழே பால்நிற உறைக்குள் பாசி பத்திரமாக இருந்தது. தூரத்தில் நீலப் புள்ளி தெரிந்ததும் அவள் புருஷனின் தோளைத் தொட்டாள்.

"ஊருக்குப் போறப்ப இத அப்படியே புதுசாக் கொண்டு போயிரலாங்க."

"வால்பாறைக்கா? பாசியா?"

"ஆமாங்க" என்றாள் சுகந்தி.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. குனிந்து, ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்த உறையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.