குகைக்குள் எடுத்த பெரட்டு

அது எழுபத்தெட்டாம் வருஷம். ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த எஸ்டேட்டில் அடைமழை விட்ட மறுநாள், ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிகளோடு மண் உள்வாங்கி ஒரு குகைவாய் திறந்துகொண்டது. ஓர் ஆள் நுழையும் அகலம்தான். ஆழம்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

துரை அளந்து சொல்லச் சொன்னார். வேலப்பன் கங்காணி, தன் ஆட்களில் கெட்டிக்காரனான காளியண்ணனை இறக்கினார். புத்தி கெட்டுப்போய்த்தான் இறக்கினார், வேறென்ன சொல்வது! தானா ராத்தா டவுனில் வாங்கிய, லோரியில் பாரம் கட்டும் கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள்.

இருநூறு அடி போயிற்று. உள்ளிருந்து ஈரமண் வாடை வந்தது. அதோடு, வாடிய கொழுந்தின் மணமும்.

"தரை தட்டுதாடா?"

"இல்ல கங்காணி... அடியில யாரோ பெரட்டு எடுக்குறாங்க."

பெரட்டு என்றால், விடியலில் கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவது. "இருக்கேன்" என்று குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. பழகிய வாய் தூக்கத்திலும் அதைச் சொல்லும்.

"என் பேரக் கூப்புடுறாங்க!"

"வாயத் தொறக்காதடா!"

"இருக்கேன்!"

கயிறு லேசாகிவிட்டது.

இழுத்தார்கள். போட்ட முடிச்சு போட்டபடி வந்தது. வளையத்துக்குள் ஆள் இல்லை.

மூன்று நாள் தேடினார்கள். நானூறு அடி விட்டும் கயிறு தரை தட்டவில்லை. நாலாம் நாள் துரை லோரி லோரியாகக் கல் கொட்டி வாயை மூடச் செய்தார்.

மறுநாள் விடியலில் பெரட்டுக் களம் முழுக்கப் பனிமூட்டம். காளியண்ணன் மனைவி பாஞ்சாலை வீங்கிய கண்ணோடு வரிசையில் நின்றாள். அவளை ஏறிட்டுப் பார்க்க வேலப்பனுக்குத் துணிவில்லை. என்னால்தானே இவள் தாலி போயிற்று என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவர் பெரட்டுப் புத்தகத்தைத் திறக்குமுன், காலுக்கடியில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பாஞ்சாலை!"

அது காளியண்ணன் குரல்.

அவள் முகம் மலர்ந்தது. வாய் திறந்தாள். வேலப்பன் பாய்ந்து பொத்தினார்.

"வேணாம்மா... அது உன் புருசன் இல்ல. உன் கால்ல விழுறேன், பதில் சொல்லாத!"

அவள் கடித்த கடியில் கையில் ரத்தம் வந்தது. அவர் விடவில்லை. இவளையாவது காப்பாற்ற வேண்டும்.

குரல் அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அவரும் ஒரு காலத்தில் பெரட்டில் நின்று குரல் கொடுத்தவர்தான். கங்காணியான இருபது வருஷத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை.

"வேலப்பன்!"

"இருக்கேன்" என்றது அவர் வாய்.

பாஞ்சாலையின் வாயைப் பொத்தியிருந்த கை இல்லை. தரையில் அவருடைய பூட்ஸ் மட்டும் கயிறு அவிழாமல் நின்றிருந்தது.

மண்ணுக்கடியில் மறுபடியும் பெரட்டு தொடங்கியது.

"பாஞ்சாலை!"

இந்த முறை கூப்பிட்டது வேலப்பன் குரல்.