மீதி நிமிடங்கள்

சலவை ஆலையில் இஸ்திரி இயந்திரத்தின் முன் நின்று வேலை பார்த்த அவரை விடுதியில் எல்லோரும் 'நிமிஷம்' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த போன் கார்டில் எத்தனை நிமிடம் பேசலாம் என்பது விற்கிறவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். புலிப் படம் போட்ட கார்டு முதல் மாதம் ஒழுங்காக இருக்கும், அடுத்த மாதம் கையை விரித்துவிடும். விமானப் படம் போட்டதில் மறுமுனையில் போனை எடுத்ததுமே ஐந்து நிமிடம் காணாமல் போகும். இன்னொன்றை ஒரே மூச்சில் பேசித் தீர்த்துவிட வேண்டும். பாதியில் வைத்தால் மறுநாள் மீதியைக் கம்பெனியே விழுங்கியிருக்கும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். இந்த வாரம் எது நல்ல கார்டு என்று கேட்பார்கள்.

அவர் இந்த வெளிநாட்டுக்கு வந்து ஏழு வருடமாகிவிட்டது. ஊருக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறார். மகளுக்கு ஆறு வயது. அவளை நேரில் பார்த்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் மூன்று மாதம் தேறாது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது போனுக்குள் இருக்கும் ஒரு குரல். அதுவும் பாதி நேரம் கொட்டாவி விடும் குரல்.

அந்த விடுமுறை நாளில் பழைய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்துக்கு அவர் இறங்கிப் போகக் காரணம், தெரிந்த கார்டுகள் எல்லாம் அந்த வாரம் ஒன்றாகக் கெட்டுப் போயிருந்ததுதான். படிக்கட்டில் ஊறிய சுவரின் வாடை அடித்தது. பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிக் கிடந்தன. கோடியில் ஒரே ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டியூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போன் பேசுவதற்கென்று மரப் பலகையில் அடைத்த ஒரு சிறு கூண்டு. அதன் கதவைப் பூட்டி, முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

மாதக் கடைசியோடு கடையை மூடுவதாகக் கடைக்காரர் சொன்னார். நல்ல கார்டு எதுவும் இல்லை என்றும் சொன்னார். இவர் திரும்பி நடக்கத் தொடங்கியபோது கடைக்காரர் என்ன நினைத்தாரோ, மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு கார்டை எடுத்து நீட்டினார். படமில்லாத வெறும் வெள்ளைக் கார்டு. எண்ணை மறைக்கும் வெள்ளிப் பூச்சை ஏற்கெனவே யாரோ சுரண்டியிருந்தார்கள்.

"ஒருத்தர் விட்டுட்டுப் போனது. மீதி நிமிஷம் இருக்கும். காசு வேண்டாம், எடுத்துக்கங்க."

சும்மா கிடைப்பதை நம்பாதவர்தான் நிமிஷம். ஆனாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நிற்கவே தெம்பில்லாத கால்களோடு அன்று அவர் நான்கு கடை ஏறி இறங்கியிருந்தார்.

விடுதியின் பொதுப் போன் மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார ஒரு மர ஸ்டூல். மறுநாள் வேலை முடிந்து, பிற்பகல் வெயில் வாசல்வரை வந்து நின்ற நேரத்தில் அவர் அந்தக் கார்டின் எண்களை அழுத்தினார். எல்லாக் கார்டிலும் ஒரு பெண் குரல் வரும், வேற்றுமொழியில் நிமிடத்தைச் சொல்லும். இதில் முதலில் எதுவும் வரவில்லை. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நாற்பது நிமிஷம் இருக்கு" என்றது ஓர் ஆண் குரல். தமிழில்.

கார்டு ஒன்று தன்னிடம் தமிழில் பேசியதில் அவருக்குச் சிரிப்பு வந்தது. இணைப்பு கிடைத்ததும் சிரிப்பு ஆச்சரியமாக மாறியது. மனைவியின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவள் பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசைகூடக் கேட்டது. ரிசீவர் மட்டும் சில்லென்று இருந்தது. பகல் முழுவதும் நீராவியில் வெந்த காதுக்கு அந்தக் குளிர்ச்சி இதமாகக்கூட இருந்தது.

மறுநாள் மீண்டும் அழுத்தினார்.

"நாற்பது நிமிஷம் இருக்கு."

ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஒரே அறையில் தங்கியிருந்த டிரைவரிடம் இதைச் சொன்னார். கம்பெனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே பேசித் தள்ளிவிடும்படி டிரைவர் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, குரல் கொஞ்சம் கூடுதலாகப் பேசியது.

"நாற்பது நிமிஷம் இருக்கு. மெதுவா பேசுங்க தம்பி. பாப்பா இப்பதான் கண்ணசந்திருக்கா."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுமுனையில் மனைவி போனை எடுத்து, அவர் ஒரு வார்த்தை பேசும் முன்பே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மெதுவாப் பேசுங்க. இப்பதான் தூங்கினா."

கார்டு கம்பெனியில் யாரோ உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவரே நம்பவில்லை. ஆனால் யோசிப்பதற்கும் தெம்பு வேண்டும். விடியும் முன் எழுந்து, விரிப்புகளையும் துண்டுகளையும் சுடச்சுட மடித்துப்போட்டு, தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வந்து உட்காருகிறவருக்கு அந்தக் கார்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மகளின் மூச்சுகூட அதில் கேட்டது.

அடுத்த வாரம் ஆலையில் இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் வேலையும் இவர் தலையில் விழுந்தது. அன்று ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றை ஆரம்பித்தபோது "ம்" என்றார். இரண்டாவது "ம்" சொன்னாரா என்று அவருக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வாசல் வெயில் சுவரேறிப் போயிருந்தது. ரிசீவர் இன்னும் காதில் இருந்தது. காது மரத்துப்போயிருந்தது.

உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்னாச்சு தெரியுமா?"

"சொல்லுடா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் யாரோ.

அது அவருடைய குரல்.

தொண்டையில் லேசாகச் சளி கட்டியதுபோன்ற அதே கரகரப்பு. ஆனால் அந்தக் குரலில் களைப்பு இல்லை. அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மகள் கதையை முடித்துச் சிரித்தாள். அந்தக் குரலும் சிரித்தது. பிறகு போனை வைக்கும் ஓசை. கம்பியில் சற்று நேரம் எதுவுமில்லை.

"நீங்க தூங்கிட்டீங்க தம்பி" என்றது குரல், மிகவும் அருகில். "நிமிஷம் வீணாகக் கூடாதில்ல."

ரிசீவர் அவர் கையிலிருந்து நழுவிச் சுவரில் மோதி ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே டிரைவரின் கைபேசியை வாங்கி மனைவியை அழைத்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், இன்று தான் பேசியது சரியாகக் கேட்டதா என்று கேட்டார். அவள் சந்தோஷமாகத்தான் பதில் சொன்னாள். இந்தப் பத்து நாளாக அவர் ஆளே மாறிவிட்டதாகச் சொன்னாள். காலையில் ஒரு தடவை, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிறகு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று அவர் பேசுவது வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கிறதாம்.

காலையில் அவர் இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தார். எல்லாக் காலையிலும்.

"இப்ப மட்டும் ஏங்க மறுபடி களைச்சுப்போன மாதிரி பேசுறீங்க?" என்று கேட்டாள் அவள். "மத்தியானம் எவ்வளவு நல்லா பேசினீங்க."

பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவருக்கு அதிகம் வலித்தது. தான் இல்லை அது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அல்லது நம்பிவிடுவாள். நம்பிவிட்டால் அந்தக் காலி வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மறுநாள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடினார். கடையில் முக்கால்வாசி காலியாகியிருந்தது. கார்டை மேஜைமேல் வைத்து, இது யாருடையது என்று கேட்டார். கடைக்காரர் அதைத் தொடவில்லை.

"ஒருத்தர் விட்டுட்டுப் போனார்னு சொன்னேன் இல்ல" என்றார் மெதுவாக. "அப்படியே போயிட்டார். அந்தக் கூண்டுக்குள்ளதான். நான் கதவைத் தட்டினப்போ ரிசீவர் காதுலயே இருந்துச்சு."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். குளிர்பதனக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை அந்த மனிதருக்கு. பேச்சுத் துணைகூடக் கிடையாது. ஒவ்வொரு விடுமுறைக்கும் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கூண்டுக்குள் போய் ஓர் எண்ணை அழுத்துவார். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் ஒரு நாளும் யாரும் எடுத்ததில்லை. எடுக்காவிட்டால் நிமிடம் குறையாது. அதனால் ஒரே கார்டை வைத்துக்கொண்டு மூன்று வருடம் வந்து போனார். அவர் போன பிறகு செய்தி சொல்லவும் ஆள் கிடைக்கவில்லை. இந்த ஊரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"மூணு வருஷம் மணி மட்டும் கேட்டுக்கிட்டிருந்தவர்" என்றார் கடைக்காரர். "தூக்கிப் போட எனக்குக் கை வரல. உங்ககிட்ட குடுத்திருக்கக் கூடாது."

அந்தக் கடையிலேயே கத்தரிக்கோல் வாங்கிக் கார்டை எட்டாக வெட்டி, வழியில் இருந்த சாக்கடையில் போட்டார். பக்கத்துத் தெருவில் இருப்பதிலேயே விலையான கார்டை, இதுவரை தானும் வாங்காத, பிறரையும் வாங்க விடாத கார்டை வாங்கினார். தெருமுனைப் போனில் நின்று எண்களை அழுத்தினார். பெண் குரல் வந்தது. வேற்றுமொழியில் நிமிடத்தைச் சொல்ல ஆரம்பித்தது.

பாதியில் நின்றது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கார்டெல்லாம் எதுக்கு தம்பி இனிமே" என்றது அவருடைய சொந்தக் குரலே.

அவர் போனை வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. மணி அடித்தது. மகள் எடுத்தாள். அவர் அழாமல் பேச முயன்றார். அப்பா மாதிரி வேறு யார் பேசினாலும் பதில் சொல்லக் கூடாது, போனை எடுக்கவே கூடாது என்று திக்கித் திணறிச் சொன்னார். அவள் ரிசீவரை மாற்றிப் பிடிக்கும் ஓசை கேட்டது. வாய்க்குள் விரலை வைத்திருப்பாள்.

"ஆனா நீங்கதானே சொன்னீங்க, இனிமே போனே வேண்டாம், நேர்லயே வர்றேன்னு" என்றாள். "இன்னும் மூணு நாள்ல வந்துடுவேன்னு சொன்னீங்களே."

அந்த மூன்று நாளும் அவர் சரியாக உட்காரவில்லை. சூப்பர்வைசரின் காலில் விழாத குறை. வேலை போனாலும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பிறகுதான் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. டிரைவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். இரண்டு விமானம், ஒரு பேருந்து. பேருந்தில் தூங்கிவிடக் கூடாதென்று நின்றுகொண்டே வந்தார். தூங்கினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் தூங்கவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தார். நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்துச் சாதாரணமாகத் தலையசைத்துவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

இரண்டு வருடம் கழித்து வருகிறவனைப் பார்த்து யாரும் அப்படித் தலையசைக்க மாட்டார்கள்.

கதவைத் தட்டினார். மனைவி திறந்தாள். அவள் முகத்தில் வியப்பு இல்லை, அழுகை இல்லை. கையில் கரண்டியோடு, அடுப்பில் ஏதோ தீய்ந்துவிடும் அவசரத்தில் நின்றாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? இப்பதானே போனீங்க" என்றாள். பிறகு பையையும் கசங்கிய சட்டையையும் பார்த்தாள். "இது என்ன பை?"

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கால்கள் அதற்குமேல் தாங்கவில்லை. மேஜைமேல் சாப்பிட்ட தட்டு ஒன்று. கொடியில் ஈரத்துண்டு ஒன்று, சொட்டச் சொட்டத் தொங்கியது. அவர் இல்லாத அந்த வீட்டில் ஓர் ஆம்பிளை இருக்கும் வாசனை அடித்தது. சோப்பும் வியர்வையும் கலந்த வாசனை. அது அவருடையது இல்லை.

மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் கிட்டே வந்து, முகத்தை உற்றுப் பார்த்து, கன்னத்தை விரலால் தொட்டாள்.

"ரொம்ப டயர்டா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாடா கண்ணு" என்றார். அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் கனம் அவருக்குத் தெரியாத கனமாக இருந்தது. கண்கள் தாமாக மூடின. இனி என்ன வந்தாலும் இவளை இறக்கிவிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே கேட்டின் கொக்கி திறக்கும் ஓசை கேட்டது. யாரோ நிதானமாக, பழக்கப்பட்ட நடையில் படியேறினார்கள்.

மகள் அவர் மடியிலிருந்து துள்ளி இறங்கி வாசலுக்கு ஓடினாள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு."