அம்மாவின் ஒருசந்தி

அக்சிலியா மாத்திரை அட்டையை எண்ணினாள். செவ்வாய்க்கிழமை ஏழு இருந்தது. தினம் ஒன்று போட்டிருந்தால் இந்தச் சனிக்கிழமை காலையில் நாலுதான் இருக்க வேண்டும். ஆறு இருந்தது.

"அம்மா, ரெண்டு நாளா மாத்திரை போடலையா?"

அம்மா வேளாங்கண்ணி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தவக்காலம் சாமி. நாப்பது நாளும் ஒருசந்தி. ராத்திரி ஒரு வேளை கஞ்சிதான். கஞ்சி குடிச்சுட்டு ஒண்ணு போட்டுப் பாத்தேன். ரெண்டும் சேந்து வெளிய வந்துருச்சு."

"அதுக்காக நிறுத்திட்டியா?"

"ஒடம்பு தேறுனா ஒருசந்தி இருக்கறேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். தேறிட்டேன். இனி மாத்திரை எதுக்கு? அப்பாகிட்ட சொல்லிப்போடாத."

அக்சிலியாவுக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. பயம் கொஞ்சம் அதிகம். அம்மாவுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய்.

"உன் ரத்தத்துல கைனேஸ்னு ஒண்ணு இருக்குதுன்னு டாக்டர் படம் போட்டாரே?"

"ஆமா, ஜிலேபியாட்டம்."

"அந்த ஜிலேபிதான். 'புதுசா ரத்த அணு செய்யி'ன்னு சேதி சொல்றது அதோட வேலை. மத்தவங்க ஒடம்புல சொல்லிட்டு நிறுத்திரும். உன்னோடது நிறுத்தவே மாட்டேங்குது."

"அதான் நின்னுருச்சே!"

"தானா நிக்கலம்மா. அது சத்து எடுக்கற இடத்துல மாத்திரை போய் உக்காந்துக்குது. நீ மாத்திரைய நிறுத்துனா இடம் காலி. மறுபடி தின்னுட்டுக் கத்தும்."

மெஷின் நின்றது.

"இப்ப நீ பட்டினி. அது நல்லா சாப்பிடுது. ஒருசந்தி இருக்க வேண்டியது அதும்மா."

"மாதாவுக்குக் குடுத்த வாக்கு சாமி."

"சீக்காளிகளுக்கு ஒருசந்தி இல்லைன்னு பங்குச் சாமியார் பூசையில சொன்னாரே?"

"நான் இனிமே சீக்காளி இல்லைன்னுதான் நெனச்சேன்" என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

அக்சிலியா சமையலறைக்குப் போய் நாலு இட்லியும் சட்னியும் கொண்டுவந்தாள். பாதிச் சட்னி தரையில் சிந்தியது. அம்மா திட்டாமல் சாப்பிட்டாள். பிறகு அட்டையிலிருந்து மூன்று மாத்திரைகளைப் பிதுக்கினாள்.

"உட்டதையும் சேத்துப் போட்டுக்கறேன்."

"ஐயோ, இரும்மா!"

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணுக்கு அக்சிலியா போன் போட்டாள்.

"சிஸ்டர், எங்கம்மா ரெண்டு நாளா மாத்திரை போடலீங்க. இப்ப மூணா முழுங்கப் பாக்கறாங்க."

"வேண்டாம், வேண்டாம்! சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணே ஒண்ணு. பெரிய டம்ளர் நெறையத் தண்ணி. திங்கக்கிழமை டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க வரோணும். நீ எத்தனாவது படிக்கற?"

"அஞ்சாவதுங்க."

"போனை அம்மாகிட்ட குடு."

அம்மா காதில் வைத்துக்கொண்டு "சரீங்க, சரீங்க" என்று ஏழெட்டுத் தடவை சொன்னாள். ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

"மாதாவுக்கு என்னடி பதில் சொல்றது?"

"நாப்பது நாளும் சீரியல் பாக்காத."

"அடிப் பாவி! அதுக்குப் பட்டினியே தேவலாம்."

அரை மணி நேரம் அக்சிலியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குமட்டுதாம்மா?"

"இல்ல. பசிக்குது. இன்னும் ரெண்டு இட்லி இருக்குதா?"